யார் சுமந்த மண்?

டீச்சர் பதில்கள்

கேள்வி: டீச்சர், ‘உலக அதிசயங்களில் உங்களுக்குப் பிடித்தது எது?’ என்று போன இதழில் ஒருவர் கேட்டதற்கு, ‘சீனப் பெருஞ்சுவர்’ என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதியிருந்தீர்கள். நான் முப்பது வருஷமாகக் கொத்தனார் வேலை பார்க்கிறவன். அந்தச் சுவர் வேலையில் லட்சக்கணக்கில் ஆட்கள் செத்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காலேஜில் படிக்கும் என் மகனோ, ‘செத்தவர்களைவிட அது காப்பாற்றியவர்கள் அதிகம், கூட்டிக் கழித்தால் லாபம்தான்’ என்கிறான். அந்தக் கணக்கு சரியா?
– கொத்தனார் வாசகர், மண்டபம்

பதில்: கொத்தனார் அண்ணே, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தைப் பதிலை நான் எழுதியிருக்கக் கூடாது. முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவள், கட்டினவர்களைப் பற்றி ஒரு வரியாவது சேர்த்திருக்க வேண்டும். அதனால் இந்த முறை பக்கத்தில் பாதியை உங்களுக்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், அது ஒரே சுவர் இல்லை. 2,000 வருஷத்துக்கு மேலாகப் பல அரசுகள் வெவ்வேறு இடத்தில் கட்டிய பல சுவர்கள். எல்லாக் காலத்துச் சுவரையும் அகழியையும் சேர்த்து 21,196 கிலோமீட்டர் என்று 2012-ல் சீன அரசு அறிவித்தது. படங்களில் நாம் பார்க்கும் செங்கல் சுவர் மிங் அரசர்களுடையது, வெறும் நானூறு, ஐந்நூறு வருஷப் பழசு. முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் காலத்துச் சுவர் பெரும்பாலும் மண். இரண்டு பக்கமும் பலகை அடைத்து, நடுவே மண்ணைக் கொட்டி, திமிசு போட்டு இடித்து இடித்து இறுக்கியது. எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் பேரரசரின் அந்தச் சுவரைக் கட்டுவித்த தளபதி மெங் தியான். வடக்கே சியோங்னு என்ற குதிரை வீரர்களை விரட்டிவிட்டு, 3,00,000 ஆட்களோடு 10,000 லிக்கு மேல் அரண் எழுப்பினார் என்று சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியிருக்கிறார். ஒரு லி அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கி.மு. 210-ல் பேரரசர் இறந்ததும் அரண்மனைச் சூழ்ச்சியில் மெங் தியானுக்குச் சாவுத் தண்டனை வந்தது. ‘இவ்வளவு தூரம் சுவர் எழுப்பும்போது பூமியின் நரம்புகளை எங்காவது வெட்டியிருப்பேன், அதுதான் என் குற்றம்’ என்று சொல்லிவிட்டு அவர் விஷம் குடித்தாராம். இதை எழுதிய சிமா சியான் அதோடு விட்டுவிடவில்லை. தானே வடக்கு எல்லைக்குப் போய் மலையை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிய அந்த வேலையைப் பார்த்தவர் அவர். ‘இவர் மக்களின் உழைப்பை மலிவாக நினைத்தார். போர் முடிந்து காயம்கூட ஆறாத ஜனங்கள். மன்னனிடம் எடுத்துச் சொல்லி முதியவர்களையும் அநாதைகளையும் காப்பாற்ற வேண்டிய பெரிய தளபதி, மன்னனின் ஆசைக்குத் துணை போனார். இதில் பூமியின் நரம்புக்கு என்ன வேலை?’ என்ற பொருளில் தீர்ப்பு எழுதினார். நீங்கள் இன்று கேட்கும் கேள்வியை 2,100 வருஷத்துக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார் அண்ணே. வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் சொல்வேன்.

இன்னொன்று. கி.பி. 607-ல் சுய் அரசின் பேரரசர் யாங், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பிடித்துச் சுவர் வேலைக்கு அனுப்பினார். பத்துக்கு ஐந்தாறு பேர் செத்தார்கள் என்று அடுத்து வந்த அரசு தொகுத்த சுய் வரலாற்றில் எழுதியிருக்கிறது. பழைய நூல்களில் எண்கள் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் பதினோரு வருஷத்தில் சுய் அரசே கவிழ்ந்துபோனது. சின் அரசும் அப்படித்தான். கி.மு. 209-ல் எல்லைக் காவலுக்கு நடத்திக் கூட்டிப்போன 900 பேர் மழையில் மாட்டிக்கொண்டார்கள். நாள் தவறினால் தலை போகும் என்பது சட்டம் என்று சிமா சியான் எழுதுகிறார். எப்படியும் சாவுதான் என்று அவர்கள் அரசை எதிர்த்துத் திரும்பி நின்றார்கள். மூன்றே வருஷத்தில் சின் வம்சம் இல்லை. வடக்கே சுவர் இருக்க, அரசு உள்ளிருந்தே விழுந்தது.

உங்கள் மகனின் கணக்குக்கு வருகிறேன். அதற்கு முன் என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

‘நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று நம் ராஜசிங்கமங்கலம் கண்மாயைச் சொல்வார்களே, அதற்குச் சில மைல் தள்ளி ஒரு சின்னக் கண்மாயின் கரையில்தான் எங்கள் வீடு. நான் ஆறாவது படிக்கும்போது அந்தக் கரையை உயர்த்தினார்கள். கூலி பாதி பணம், பாதி தானியம். அம்மா விடிவதற்கு முன் கஞ்சித் தூக்கோடு போவாள். கண்மாய்க்குள் ஆண்கள் மண் வெட்டிப் போடுவார்கள், பெண்கள் கூடையில் அள்ளிக் கரை ஏறுவார்கள். எவ்வளவு மண் எடுத்தார்கள் என்று அளப்பதற்காகக் குழியின் நடுவே ஒரு மண்திட்டை வெட்டாமல் விட்டிருப்பார்கள். அதைத் தட்டிவிட்டால் அன்றைய கூலி போச்சு. ஒரு நாள் மழைத் தூற்றலில் சரிவு வழுக்கி, கூடையோடு உருண்டாள். இடது கை மணிக்கட்டு முறிந்தது. வேலை எடுத்திருந்தவர் மறுநாளே அவள் பேரைச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டார். அந்தக் கை கடைசி வரை நேராகவில்லை. சும்மாடு சுற்றும்போது பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் முறுக்குவாள்.

எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. கண்மாய் நிறைந்தால் யார் வயல் விளையும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நிறைந்த வருஷம் நடவும் களையெடுப்பும் அறுப்பும் அவளுக்குக் கிடைத்தது. நாங்கள் குளித்ததும் ஆடு குடித்ததும் அந்தத் தண்ணீர்தான். மூன்றாவது மடைக்குப் பக்கத்தில் கரை கொஞ்சம் அகலமாக இருக்கும். அதன் மேல் நடக்கும்போதெல்லாம் ‘இது நான் சுமந்த மண்’ என்பாள். ஒரு தடவைகூட அதைச் சொல்லாமல் அந்த இடத்தைத் தாண்டியதில்லை.

பெருஞ்சுவரைப் பற்றிப் படிக்கும்போது நான் தேடுவது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். சுமந்தவர் யார், பிறகு அதன் மேல் நின்று ‘இது என்னுடையது’ என்று சொல்ல முடிந்தவர் யார்? ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊரில் கதிர் அறுக்கிற நேரத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவன் திரும்பவில்லை. அவன் வீட்டில் அறுக்க ஆளில்லை. அவன் கட்டிய சுவரால் காப்பாற்றப்பட்டது வேறு ஊர், வேறு தலைமுறை, பல சமயம் வெறும் அரண்மனை. ‘ஆண் பிறந்தால் வளர்க்காதே, பெண் பிறந்தால் நன்றாக ஊட்டி வளர்’ என்று அந்த நாட்டு ஜனங்கள் பாடினார்கள். சுவருக்கடியில் எலும்புகள் ஒன்றுக்கு ஒன்று முட்டுக் கொடுத்துக் கிடக்கின்றன என்று அந்தப் பாட்டிலேயே வருகிறது. ஆண்பிள்ளையே வேண்டும் என்று தவம் கிடந்த சமூகத்துத் தாய்மார்கள் இப்படிப் பாடியிருக்கிறார்கள் என்றால் எவ்வளவு பட்டிருக்க வேண்டும்!

நன்மையே இல்லையா என்றால், இருந்தது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுவர் ஒரு காவல் ஏற்பாடு. கோபுரத்துக்குக் கோபுரம் புகையும் தீயும் காட்டிச் செய்தி ஓடும். மிங் காலத்தில் எதிரி நூறு பேர் என்றால் ஒரு புகை, ஐந்நூறு என்றால் இரண்டு என்று கணக்கே இருந்தது. குதிரைப்படை வந்து சேர்வதற்குள் ஊர்க்காரர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு பிள்ளைகளோடு ஒதுங்க நேரம் கிடைத்தது. கொள்ளைக்காரர்கள் தானியத்தை மட்டும் கொண்டுபோகவில்லை, ஆட்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 1474-ல் யூ ஸிஜுன் என்ற அதிகாரி வடக்கு எல்லையில் ஓர்டோஸ் என்ற பகுதியில் கட்டிய சுவரைச் சொல்லலாம். 1482-ல் உள்ளே புகுந்த ஒரு கொள்ளைக் கூட்டம் திரும்பி வெளியேற வழியில்லாமல் அந்தச் சுவரிலேயே மாட்டித் தோற்றது. அந்தப் பக்கத்து விவசாயிக்கு அது உயிர் காத்த சுவர்தான். அவனிடம் போய் ‘சுவரே வேண்டாம்’ என்று நான் சொல்ல மாட்டேன்.

அதனால் உங்கள் மகனிடம் இப்படிச் சொல்லுங்கள். கழித்தல் கணக்குப் போட இரண்டும் ஒரே ஆளின் பையிலிருந்து போய், ஒரே ஆளின் பைக்கு வர வேண்டும். இங்கே இழந்தவன் ஒருவன், பெற்றவன் இன்னொருவன். இழந்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. 607-ல் செத்தவனின் மனைவிக்கு 1482-ல் பிழைத்தவனைக் காட்டி ‘கணக்கு நேராகிவிட்டது’ என்று சொல்ல முடியுமா? என்னைக் கேட்டால், சின் சுவரும் சுய் சுவரும் செய்திருக்கவே கூடாத வேலைகள். மிங் சுவர்களில் சில தேவைப்பட்டன, பல வீண். இது என் தீர்ப்பு. உங்கள் மகன் மறுத்து எழுதினால் இதே பக்கத்தில் போடுகிறேன்.

அப்புறம் ஒன்று, உங்களுக்காகவே எடுத்து வைத்தது. மிங் காலத்துச் சாந்தில் சுண்ணாம்போடு பச்சரிசி மாதிரி ஒட்டுகிற ஓர் அரிசியின் கஞ்சியைச் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊரில் கடுக்காய்த் தண்ணீரும் பனங்கருப்பட்டியும் சேர்த்து அரைத்த மாதிரி. தின்கிற பண்டத்தைச் சாந்தில் போட்டால் சுவர் இறுகும் என்று அங்கே ஒரு கொத்தனாருக்கும் இங்கே ஒரு கொத்தனாருக்கும் தனித்தனியாகத் தெரிந்திருக்கிறது.

கேள்வி: சுவருக்குள்ளேயே பிணங்களைப் புதைத்தார்களாமே, உண்மையா டீச்சர்? நிலாவிலிருந்து பார்த்தாலும் அந்தச் சுவர் தெரியுமாமே?
– பத்தாம் வகுப்பு மாணவி, திருப்புல்லாணி

பதில்: இரண்டும் இல்லை கண்ணு. மண்ணை இடித்து இறுக்கும் சுவருக்குள் உடலைப் போட்டால் அது மக்கி, உள்ளே பொந்து விழுந்து சுவர் சரியும். கட்டுகிறவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். சுவருக்குள்ளிருந்து அப்படி எலும்புகள் கிடைத்ததாகச் சான்றும் இல்லை. செத்தவர்களைப் பக்கத்திலேயே புதைத்திருப்பார்கள். மெங் ஜியாங் என்ற பெண், குளிருக்குத் துணி எடுத்துக்கொண்டு கணவனைத் தேடிப்போய், அவன் செத்த செய்தி கேட்டு அழுத அழுகையில் சுவரே இடிந்து அவன் எலும்பு வெளிப்பட்டது என்று ஒரு கதை அங்கே வீட்டுக்கு வீடு சொல்வார்கள். நம் கண்ணகி கதையைக் கேட்கிற மாதிரியே இருக்கும். புதைத்தார்கள் என்ற பேச்சு பரவியதற்கு அந்தக் கதையும் ஒரு காரணம்.

நிலாவிலிருந்து தெரியாது. சுவர் நீளமே தவிர அகலம் சில மீட்டர்தான், நிறமும் சுற்றியுள்ள மண்ணின் நிறம். 2003-ல் விண்வெளிக்குப் போன முதல் சீனர் யாங் லிவேய், பூமியை மிகப் பக்கத்தில் சுற்றியபோதே சுவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். பரீட்சையில் தைரியமாக எழுது.

கேள்வி: எதிரி உள்ளே வராமல் இருக்கத்தான் சுவர் என்று படித்தோம். உள்ளே இருப்பவர்கள் வெளியே போகாமல் இருக்கவும்தான் என்று என் சினேகிதி சொல்கிறாள். இதில் எது சரி?
– கல்லூரி மாணவி, பரமக்குடி

பதில்: இரண்டும் சரி அம்மா. கி.மு. 33-ல் சியோங்னு தலைவன் ஹுஹான்யே ஹான் பேரரசரிடம் வந்து, ‘இனி நாம் சொந்தம், எல்லையை நானே காக்கிறேன், உங்கள் காவலைக் கலைத்துவிடலாம்’ என்றான். ஹௌ யிங் என்ற அதிகாரி கூடாது என்று பத்துக் காரணம் அடுக்கினார். அவற்றில் பல எதிரியைப் பற்றியவை அல்ல, சொந்த ஜனங்களைப் பற்றியவை. எல்லையோரத்து அடிமைகள் ‘அந்தப் பக்கம் வாழ்க்கை நன்றாக இருக்கிறதாம், காவல்தான் கடுமை’ என்று பேசிக்கொள்கிறார்களாம். குற்றவாளிகள் தப்பிப் போவார்களாம். சுவர் கட்டிய உழைப்புக்கு அளவே இல்லை என்றும் அவரே அதில் சொல்கிறார். பேரரசர் அவர் பேச்சைக் கேட்டார், காவல் தொடர்ந்தது.

பாலைவனப் பகுதியில் காவல் வரிசையை ஒட்டி மணலைச் சமமாக இழுத்துவிட்டு வைப்பார்கள். காலையில் போய்க் கால்தடம் பார்ப்பார்கள். அங்கே கிடைத்த ஹான் காலத்து மரச்சீட்டுகளில் அந்தக் காவலும் சிப்பாய்களின் தானியப் படியும் எழுதிக் கிடக்கின்றன. நம் கடற்கரையில் விடிகாலை நண்டுத் தடம் பார்த்திருப்பாய். எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று மணலே காட்டிவிடும், இல்லையா?

கேள்வி: இவ்வளவு கட்டியும் எதிரிகள் உள்ளே வந்துவிட்டார்களே, அப்புறம் எதுதான் உதவியது?
– வணிகர், கீழக்கரை

பதில்: நீங்கள் செய்கிற தொழில்தான் உதவியது. 1550-ல் மங்கோலியத் தலைவன் அல்தான் கான் பீஜிங்கின் வாசல் வரை வந்து சுற்றியிருந்த ஊர்களைக் கொளுத்திவிட்டுப் போனான். அவன் பல வருஷமாகக் கேட்டுவந்தது எல்லையில் சந்தை. குதிரை கொடுக்கிறோம், துணியும் தானியமும் கொடுங்கள் என்றான். மிங் அரசு கௌரவம் பார்த்து மறுத்து, சுவரை நீட்டிக்கொண்டே போனது. கடைசியில் 1571-ல் சமாதானம் பேசிச் சந்தையைத் திறந்தார்கள். அந்த எல்லையில் கொள்ளை பெரிய அளவில் அடங்கிவிட்டது. அத்தனை காலம் செங்கல் செய்யாததைச் சந்தை வாசல் செய்தது.

1644-ல் சுவர் கடலைத் தொடுகிற ஷான்ஹைகுவானில், மிங் தளபதி வூ சாங்குயியே வடகிழக்கிலிருந்து வந்த மஞ்சுப் படைக்குக் கதவைத் திறந்துவிட்டார். அந்த மஞ்சு வம்சத்துப் பேரரசர் காங்ஷியிடம் 1691-ல் ஓர் அதிகாரி சுவரைப் பழுதுபார்க்கலாமா என்று கேட்டார். ஜனங்கள் மனம் நிறைந்திருந்தால் எல்லை தானே உறுதியாக இருக்கும் என்று சொல்லி காங்ஷி மறுத்துவிட்டார்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பெரியபட்டினத்தில் 1987-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் நிறையக் கிடைத்தன. அந்த ஓடுகளில் ஒன்றை ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். நகம் அளவுதான், வெளிர் பச்சை, இன்னும் பளபளப்பு போகவில்லை. சீனாவும் நம் கரையும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

கேள்வி: நம் சேதுபதி கோட்டைச் சுவர் யாரைக் காப்பாற்றியது?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: கிழவன் சேதுபதி போகலூரிலிருந்து தலைநகரை மாற்றிக்கொண்டு வந்து எழுப்பிய கோட்டை அது. கொஞ்ச காலம் காத்தது. 1772-ல் ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயக் கும்பினிப் படையும் பீரங்கியோடு வந்தபோது சில நாள்தான் தாங்கியது. சிறுவனாக இருந்த முத்துராமலிங்க சேதுபதியையும் தாயார் முத்துத் திருவாயி நாச்சியாரையும் திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள். சண்டையில் செத்த சாதாரணச் சிப்பாய்களின் பெயர் எனக்குக் கிடைத்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அரண்மனைப் பக்கம் போகும்போதெல்லாம் அதை நினைத்து மனம் கனக்கும்.

கேள்வி: டீச்சர், எங்கள் ஊரில் கடல் வருஷா வருஷம் உள்ளே வருகிறது. கல் கொட்டிச் சுவர் கட்டித் தரச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம். நீங்கள் சுவரே கூடாது என்பீர்களா?
– பாசி எடுக்கும் பெண், ஏர்வாடிப் பக்கம்

பதில்: சொல்ல மாட்டேன் தங்கச்சி. வீட்டு வாசலுக்கு அலை வருகிறபோது சுவர் கேட்பது நியாயம். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு கேளுங்கள். கரையோரமாக மணல் ஓடிக்கொண்டே இருக்கும். காற்று மாறும்போது அது ஓடும் திசையும் மாறும். கடலுக்குள் கல்லை நீட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கத்து ஊருக்கு வர வேண்டிய மணல் வராது, அங்கே அரிப்பு கூடும். கரையோடு கட்டும் சுவரிலும் அலை மோதித் திரும்பி அடி மணலை இழுக்கும், முனையில் இருக்கிற வீடுகள் அடி வாங்கும். உங்களைக் காக்கும் சுவரின் செலவை அடுத்த ஊர் கொடுக்க வேண்டி வரலாம்.

நமக்கு ஆள் பிடித்துக் கட்டாத சுவர் ஒன்று உண்டு. நீங்கள் தினமும் இறங்கி நடக்கிற பார், பவளப்பாறை. அலையின் வேகத்தை அதுதான் முதலில் வாங்குகிறது. அதையும் வெட்டினோம், சுண்ணாம்புக்கும் வீட்டுக்கும். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், பவளக்கல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன. பாறை வெட்டியதுதான் அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வெட்டினவர்களும் கூலிக்காரர்கள்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, மனுவைக் கொண்டுபோகும்போது கிழக்கே ஓர் ஊர், மேற்கே ஓர் ஊர், இரண்டிலிருந்தும் நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். கல் எங்கே முடிகிறது, முடிகிற இடத்தில் யார் வீடு இருக்கிறது என்று அதிகாரியிடம் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்டியதும் அந்த வீட்டுக்காரர்களிடம் போய்ப் பேசுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் இடம் வைத்திருக்கிறேன்.